படத்துக்குக் கீழே வெள்ளை

அதெல்லாம் வேண்டாம். பழம் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். வாசல்லயே வச்சிரு, போறப்ப எடுத்துக்க. செருப்பையும் கழட்ட வேண்டாம், போட்டுக்கிட்டே வா. இது என்ன உன் மாமனார் வீடா? ஆகியிருக்க வேண்டியது. ஆகல. உள்ள வா.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெஞ்சுல உட்காரு. கொஞ்சம் தள்ளி. மூடி போட்ட தட்டு இருக்கு பாரு, அதைத் தொடாதே. பக்கத்துல ஈரத்துணி இருக்கு, அதையும் தொடாதே.

ம். சொல்லு. நேத்தே ஆள் விட்டுச் சொன்னே, என்ன விஷயம்னு சொல்லல. ஏதோ தாள் அடிக்கணும்னு மட்டும் சொன்னான்.

மெர்டேக்கா மலரா. எத்தனை பக்கம்? ஒரே பக்கம். அப்ப மலர்னு சொல்லாதே, தாள்னு சொல்லு. சனிக்கிழமை மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை. இன்னைக்கு வியாழன். நல்லா ஆளுவீங்கப்பா நாட்டை.

என்னென்ன வரணும்? மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன். இடது பக்கம் தமிழ்ல வாழ்த்து. வலது பக்கம் மலாய்ல. நடுவுல தலைவர் படம். சும்மா படம் இல்ல, முட்டை வட்டத்துக்குள்ள. சுத்தி மாலை. தலைக்கு மேல கொடி. கீழ நிகழ்ச்சி நிரல், கட்டம் கட்டி. அதுக்கும் கீழ நன்கொடை கொடுத்தவங்க பேரு. ரெண்டு ஓரத்துலயும் வாழைமரம். ஏன், யானை வேண்டாமா? நம்ம இடத்துப் பேரே கஜா பேராங், வெறி புடிச்ச யானைதானே. சரி, முறைக்காதே. நீ தலைவர் சொன்னதைச் சொல்றே. சங்கத்துச் செயலாளர், சொல்லத்தான் வேணும்.

காசு? இல்ல. ஆங். அதுக்குத்தான் என்கிட்ட வந்திருக்கே. இலவசமா எது கிடைக்கும், எதுல இந்தக் கூத்தெல்லாம் ஒரே பக்கத்துல நிக்கும். நாலு வருஷமா நல்லையான்னு ஒருத்தன் இந்தத் தெருவுல இருக்கறதே சங்கத்துக்கு ஞாபகம் இல்ல. பக்கம் கட்டணும்னா மட்டும் ஞாபகம் வருது.

யாரு, ஹமீதா? பெண்டஹாரா ரோட்டு அச்சுக்கூடத்து அப்துல் ஹமீது, சும்மாவே அடிச்சுத் தரேன்னானா? தருவான். நல்ல மனுசன். ஆனா அவன் மசாலாக் கடை விளம்பரம் எந்த இடத்துல வரும்னு கேட்டியா? கேக்கல. நடுவுல வரும். போன வருஷம் கோயில் நோட்டீசு பாத்தியே, அம்மனுக்குப் பக்கத்துலயே மல்லித்தூள். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. சும்மா குடுக்கறவன் தன் பேரைப் போட்டுக்குவான். அது கிடக்கட்டும், படத்துக்கு என்ன செய்வே? படத்தைச் செதுக்கின அச்சுக்கட்டை, பிளாக், செய்யணும். பிளாக்குக்கு சிங்கப்பூர் போகணும். அதுக்கு மேல, ஈய எழுத்து நேராத்தான் நிக்கும். முட்டையைச் சுத்தி வளைஞ்சு வான்னா வராது. அவன்கிட்ட இருக்கற எழுத்துக்கு ஒரு பத்தி கோத்தாலே பெட்டி காலியாயிடும். அதை அடிச்சு, கலைச்சு, மறுபடி கோத்து... எந்த மாசத்துச் சனிக்கிழமைக்கு வேணும் உனக்கு?

அப்ப தொழிற்சங்க ஆபீசு. புக்கிட் ரம்பாய் பக்கம். சைக்ளோஸ்டைல் இருக்கு, தெரியும். கேட்டா குடுப்பாங்க. மெழுகுத்தாள்ல ஊசி வச்சுக் கீறணும். கீறுறது கண்ணுக்குத் தெரியாது. குருடன் எழுதுற மாதிரி எழுதிட்டு, உருளைல மாட்டிச் சுத்தினாத்தான் கோணலா நேராங்கறதே தெரியும். எழுத்து மட்டும்னா அதுக்கே போயிடுன்னு சொல்லுவேன். ஆனா மெழுகுத்தாள்ல வட்டத்தை முழுசா சுத்திக் கீறினா என்ன ஆகும் தெரியுமா? நடு வயிறு கழண்டு விழுந்துரும். மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை. மை மொத்தமா இறங்கும். கன்னங்கரேல்னு ஒரு முட்டை. கீழ, தலைவர் திரு. சேதுபதி அவர்கள்.

சிரிக்கிறே. சிரி. எனக்கும் அதைப் பாக்கணும்னு ஆசைதான். ஆனா அது போதாது.

மிச்சம் இதான். இந்தத் தட்டு. நீ சங்கத்துக்கு வந்த பொறகு இதைப் பாத்திருக்க மாட்டே, அதுக்குள்ள நான் திரும்ப வாங்கிட்டு வந்துட்டேன். நான் செஞ்சது. தகரத்தட்டு, உள்ள தச்சன் மரம் ஒட்டற வச்சிரப் பசையும் கிளிசரினும் காய்ச்சி ஊத்தினது. அல்வா மாதிரி இருக்கும், தின்னாதே. ஊதா மையால ஒரு தாள்ல எழுதி, குப்புறப் படுக்க வச்சு, அழுத்தித் தேய்ச்சு எடுக்கணும். மையை இது குடிச்சுக்கும். அப்புறம் வெறுந்தாளை மேல வச்சு வச்சு எடுக்க வேண்டியதுதான். ஒண்ணொண்ணுலயும் அந்தப் பக்கம் அப்படியே வரும். நாப்பது அம்பது நல்லா வரும். அதுக்கு மேல வெளுத்துரும். உங்க விருந்தாளிக்கு அது போதும்.

இதுல என்ன சுகம்னா, பக்கத்தை நீ எப்படிப் பாக்கறியோ அப்படியே வரும். வட்டம் போடு, வட்டம் வரும். வளைச்சு எழுது, வளைஞ்சு வரும். கட்டத்துக்குக் கோடு வேணும்னா ரூலர் வச்சு இழு. சிவப்பு மை தரேன், பச்சை தரேன், எல்லாம் ஒரே அழுத்துல ஏறும். ஈயமும் வேண்டாம் ஊசியும் வேண்டாம். கண்ணும் கையும் போதும். காசு? உன்கிட்ட நான் கேட்டனா?

ஒரு குணம் உண்டு இதுக்கு. சொல்லிர்றேன். குடிச்ச மையை உடனே மறக்காது. ஒரு பக்கம் எடுத்துட்டா, மூடி வச்சு ரெண்டு நாள் விடணும். மை அடியில இறங்கிரும். பொறுக்காம அதுக்குள்ள வேற தாளை வச்சா, பழசும் சேர்ந்து மேல வந்துரும். எங்கெல்லாம் வெள்ளை இருக்கோ அங்கெல்லாம். உடனே துடைச்சாப் போகும். ஆனா துடைக்கிறவன் விரல்ல ஏறிக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சாலும் ஒரு வாரத்துக்கு இறங்காது.

சரி, இங்க வா. பக்கத்தைப் போடுவோம். தமிழ் இங்க. மலாய் இங்க. ரெண்டு பத்தியும் ஒரே அகலம், ஒருத்தன் பெருசு ஒருத்தன் சிறுசுன்னு பேச்சு வரக்கூடாது. கொடி மேல. நடுவுல முட்டை. இதுக்குக் கீழ ரெண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விடு. ஒண்ணும் எழுதாதே.

தலைவர் தன் பட்டமெல்லாம் அங்கதான் வேணுங்கிறாரா? மேல போடச் சொல்லு. கொடிக்குக் கீழ, தலைக்கு மேல, கிரீடம் மாதிரி. அப்படியே சொல்லு, ஒத்துக்குவார். படத்துக்குக் கீழ வெள்ளை விட்டாத்தான் ஆள் எடுப்பாத் தெரிவார். நெருக்கினா கும்பல்ல மாட்டினவன் மாதிரி இருக்கும். எழுதிக்க. ரெண்டு விரல். வெள்ளை.

தட்டுல இடது மூலைல ஒரு ஆணி இருக்கு. தாளோட மூலை அதுல உக்காரணும். ஒரு நூல் விலகக்கூடாது. இன்னைக்கு அஞ்சு மணிக்குச் சங்கத்துல கூட்டம்தானே? பெரியவங்க எல்லாம் வர்றாங்களா? அவங்க முன்னாடியே வச்சு எடுங்க. முதல் தாளைத் தலைவர் கையாலேயே எடுக்கச் சொல்லு. எடுத்து, தூக்கிக் காட்டி, சத்தமா வாசிக்கச் சொல்லு. அவருக்குப் பிடிக்கும்.

என்ன பாக்கறே? சுவத்துல இருக்கற பழைய மாசத்தாளையா? ஆமா, அவ வரைஞ்சதுதான். மாசத்தாள் நான் போட்டப்ப ஓரத்துப் பூங்கொடியெல்லாம் என் மக கோகிலாதான் போடுவா. எனக்குக் கோடு வரும், கொடி வராது.

எப்படி இருக்கான்னு கேக்கறியா. நல்ல நேரத்துல கேட்டே. சிங்கப்பூர்ல இருக்கா. ஒரு ஆஸ்பத்திரில பிள்ளைங்களைப் பாத்துக்கறா. வர்றதில்ல. இந்தத் தெருவுல நடக்க மாட்டேன்னுட்டா. கல்யாணமா? யாரு கட்டுவா? நீதான் கட்டலையே.

உக்காரு. எந்திரிக்காதே. பேசி முடிக்கல நான்.

உனக்கும் அவளுக்கும் பரிசம் போட்டு ஒரு மாசம். காலைல கோயில் சுவத்துல நோட்டீசு. ஊதா மை. உஜோங் பாசிர் கடக்கரைல என் மகளை எவனோடயோ பாத்தாங்களாம். எவன்னு பேரு இல்ல. எழுதினவன் பேரும் இல்ல. நீ படிச்சே. சைக்கிள்ல இருந்து இறங்கிப் படிச்சே, பாத்தவங்க சொன்னாங்க. மறுநாள் உங்கம்மா தாம்பூலத்தட்டைத் திருப்பி அனுப்பினாங்க. நீ வரல. வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நிசமா பொய்யான்னு. கவர்ன்மெண்டு ஆபீசுல கிராணி, குமாஸ்தா வேலை பாக்கற படிச்ச பையன்னு எல்லாரும் சொன்னாங்க. படிச்சதெல்லாம் அந்தச் சுவத்தோட சரி போல.

அப்புறம் வருஷம் திரும்பல, சேதுபதி அக்கா மகள் கழுத்துல தாலி கட்டினே. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கும் தெரியாது. அதுக்குத்தான் சொல்றேன்.

அப்ப இந்தத் தட்டு சங்கத்து அலமாரில இருந்துச்சு. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு தலைவர்கிட்ட. நோட்டீசு ஒட்டின அன்னைக்கே நான் போய்த் திறந்தேன். என்ன ஆனாலும் திருவிழா நிரல் அடிச்சாகணும், ஒத்துக்கிட்ட வேலை. எழுதிட்டுப் போன தாளை வச்சேன், தேய்ச்சேன், எடுத்தேன். முதல் பிரதியைத் தூக்கிப் பாக்கறேன். தேர் புறப்பாடுன்னு நான் எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ, மங்கலா, என் மக பேரு வருது.

ஆமா. என் தட்டு. நான் காய்ச்சி ஊத்தினது.

தாளோட நேரா சேதுபதி கடைக்குப் போனேன். வலது கைல மஞ்சத் துணி சுத்தியிருந்தான். கொதிக்கிற எண்ணெய் பட்டுருச்சாம். அரைகுறையாத் துடைச்ச ஊதா விரல் உள்ள இருக்கும்னு எனக்குத் தெரியும், துணியை அவுருன்னேன். அவுக்கல. தட்டு உன்னுது, பேரும் உன் மகளுது, நீயே எழுதிட்டு என் தலைல கட்டறியான்னான். கடைல ஆள் இருந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க. சாயங்காலம் கோயில்ல சூடம் ஏத்தி அணைச்சான். அந்த மாதிரித் தட்டை என் கையால தொட்டதே இல்லன்னு சத்தியம் பண்ணான். இடது கையால அணைச்சான்பா. ஒருத்தனும் கேக்கல, ஏன்டா இடது கைன்னு. பத்து நாள் கழிச்சுத் துணியை எடுத்தான். ஒரு தழும்பு இல்ல. இப்பவும் போய்ப் பாரு, வாழைத்தண்டு மாதிரி இருக்கும் அந்தக் கை.

ஏன் செஞ்சான்னா கேக்கறே? கண்ணாடில பாரு. கவர்ன்மெண்டு உத்தியோகத்து மாப்பிள்ளை. அக்கா மகளுக்கு வேணும். வேற எங்க கிடைக்கும்?

நம்பலன்னா விடு. இன்னைக்கு உன்னை அனுப்பறப்ப என்ன சொன்னான்? ஹமீது வேண்டாம், சைக்ளோஸ்டைல் வேண்டாம், நல்லையா கிட்ட தட்டு இருக்கும், அதுல வட்டமெல்லாம் நல்லா வரும்னு அவன்தானே சொன்னான்? வந்ததும் வராததுமா தட்டையே பாத்துக்கிட்டு இருந்தியே. தொட்டதே இல்லன்னு சூடம் அணைச்சவனுக்கு, அதுல வட்டம் நல்லா வரும்னு எப்படித் தெரியும்?

 சரி.

மூணு ஆகப்போவுது, அஞ்சுக்குள்ள சங்கத்துல உக்காந்து இந்தப் பக்கத்தை ஊதா மையால எழுதிரு. எந்திரி. தட்டை ரெண்டு கையாலயும் பிடி. சைக்கிள்ல வைக்காதே, சாயும். நடந்தே போ. பின்னாடியே நான் வரேன், ரொம்ப நாளாச்சு சங்கத்துப் படி ஏறி.

திறந்து பாக்கணுமா? பாரு. ஒண்ணும் தெரியாது. வச்சிரமே காப்பி நிறம், அதோட பழைய மைக் கறை. மண்டபத்து வெளிச்சத்துல அவனுக்கும் தெரியாது. ஆனா இருக்கு. ஆள் வந்து தாள் அடிக்கணும்னு சொன்னதுமே புரிஞ்சிருச்சு எனக்கு, சேதுபதி மூஞ்சி இல்லாம சங்கத்துல தாள் வராது, அது நடுவுலதான் வரும்னு. மத்தியானம் ஒரு தாள் வச்சு எடுத்தேன். பிரதி ஒண்ணுகூட எடுக்கல, மை முழுசா உள்ளதான் இருக்கு. ஒரே ஒரு வரி. நீ எழுதிக்கிட்டியே ரெண்டு விரல் வெள்ளை, அதுல வந்து உக்காரும்.

என்ன வரியா? கோயில் சுவத்து நோட்டீசு எழுதின கை இவருடையது. அவ்வளவுதான். என் மக பேரு அதுல இல்ல. ஒரு தடவை சுவத்துல ஏறினது போதும்.

ஏன் உன்கிட்ட சொல்றேன்னா, சொல்லாமலும் அனுப்பியிருக்கலாம். நீ அந்த மையை ஒரு தடவை நம்பினே. இந்தத் தடவை என்ன செய்வேன்னு நான் பாக்கணும்.

துடைக்கணும்னா துடை. துணி நனைச்சுத்தான் வச்சிருக்கேன். கையைப் பிடிக்க மாட்டேன். துடைச்சா பத்து விரலும் ஊதாவாகும். சனிக்கிழமை பாடாங் திடல்ல நீதானே சங்கத்துக் கொடி பிடிக்கிறே? பிடி. ஊரே பாக்கும்.

இல்லன்னா உன் பொண்டாட்டியோட மாமா சேதுபதி மாதிரி கையில சுத்திக்கலாம். மஞ்சத் துணி உள்ள இருக்கு. சொன்னேன்னா கிழிச்சுத் தரேன்.