நல்ல மூடி

வண்டி தண்ணீர் குடிக்கிறது என்றால் ஆண்டர்சன்பேட்டையில் பாதிப் பேர் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் என் கடைக்குத்தான் வருவார்கள், சார். ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவன் மெக்கானிக் ஆகிவிட முடியாது. ஆனால் அப்பா காலத்திலிருந்து கல்லாவில் உட்கார்ந்து ஊர் வண்டிகளின் சீக்கையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. ஹோஸா, கிளாம்பா, வாட்டர் பம்பா என்று ஆள் சொல்லுகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவேன். சிவராஜ் சொன்னால் சரியாக இருக்கும் என்று கடைவீதியில் ஒரு பேர் உண்டு.

ஸ்டேஷனிலிருந்து நீங்கள் கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த காகிதத்தில் விபத்து என்று எழுதியிருக்கிறது. எல்வினின் கவனக்குறைவு என்றும் இருக்கிறது. எனக்குக் கன்னடம் நன்றாகவே படிக்க வரும். அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. காபி ஆறிவிடும், குடியுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம்.

ஷில்பா எனக்கு ஒரே மகள். நரசாபுராவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எல்வினும் அங்கேதான் சூப்பர்வைசர். ஸ்கெலட்டன் பையன், சுரங்கத்துக் கூலி ஆட்களின் சேரி அது. அவன் அப்பா டைட்டஸ், தங்கச் சுரங்கம் மூடும்வரை கேஜ் என்கிற கூண்டில் ஆள் ஏற்றி இறக்கினவர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு ஷில்பா ஒரு பழைய கார் வாங்கினாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற அப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்வின் போய்ப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, வாங்கலாம் என்று சொன்ன வண்டி. வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "நல்ல இன்ஜின்ப்பா, எல்வின் ஃபுல்லா செக் பண்ணிட்டாரு" என்றாள். நானும் பானட்டைத் திறந்து பார்த்தேன். நல்ல இன்ஜின்தான். எனக்கு வயிறு எரிந்தது அதனால்தான்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சாதி வித்தியாசமெல்லாம் கிடையாது. என் அப்பா காலத்தில் ஸ்கெலட்டன் ஆட்கள் கடைப் படிக்குக் கீழே நின்றுதான் சாமான் கேட்பார்கள். நான் அதை மாற்றினேன். எல்வின் கடைக்கு வந்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னவன் நான்தான். அவன் போன பிறகு ஸ்டூலைத் துடைத்தேன் என்றால், அது கடைச் சுத்தத்துக்காக. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கேக் வந்தால் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. வாங்கி, பக்கத்துக் கடை ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம். எனக்குச் சர்க்கரை.

ரேடியேட்டர் மூடி சும்மா மூடி வைப்பதற்கு மட்டும் இல்லை, சார். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. இன்ஜின் சூடாகும்போது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஸ்பிரிங் செத்துப்போன மூடி என்றால், வண்டி ஓட ஓடத் தண்ணீர் ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட விழாது. என் கடையில் கழித்துப்போட்ட சாமான் பெட்டியில் அப்படி ஒரு மூடி கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு நாள் காலையில் காரைக் கழுவுகிற சாக்கில் அதைப் போட்டுவிட்டு, காரின் சொந்த மூடியை எடுத்துவந்து கடை டிராயரில் வைத்தேன். வண்டி கொஞ்ச நாள் தொல்லை கொடுக்கும், எல்வின் பார்த்த லட்சணம் இதுதான் என்று மகளுக்குப் புரியும். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அவனுக்குப் பொறுமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் நான் போட்ட கணக்கில் இடித்தது. வேறொருவனாக இருந்தால் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டியிருப்பான். இவன் ராத்திரி காருக்குக் கீழே அட்டை விரித்து வைத்துவிட்டுக் காலையில் வந்து தடவிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. ஆயிலை எடுத்து விரலில் தேய்த்து, பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்த்தான். அதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து சொல்வான். "மேல் ஹோஸ் மாத்திப் பாக்கலாமா அங்கிள்?" என்பான். மாற்றிப் பார் என்று எடுத்துக் கொடுப்பேன். அடுத்த வாரம் கிளாம்ப். அதற்கடுத்து வாட்டர் பம்ப். எல்லாம் என் கடையிலிருந்தே போனது.

ஒரு நாள் பிரஷர் டெஸ்ட் செய்யும் கருவியை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிவந்தான். முள் வைத்த மீட்டரோடு கைப்பம்பு மாதிரி இருக்கும். அதை ரேடியேட்டரில் மூடி இருக்கிற வாயில்தான் மாட்ட வேண்டும். மூடியையே சோதிக்க வேறொரு துண்டு உண்டு, அது அந்த மெக்கானிக்கிடம் இல்லை. எல்வின் மூடியைக் கழற்றி, "கொஞ்சம் பிடிங்க அங்கிள்" என்று என் கையில் கொடுத்தான். நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முள்ளு அசையவே மாட்டேங்குது அங்கிள். ஒழுகலே இல்ல. அப்புறம் தண்ணி எங்கதான் போவுது?" என்றான்.

"பழைய வண்டிப்பா. பாத்து வாங்கியிருக்கணும்" என்றேன். ஷில்பா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவன் முகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். ஓட்டிவிட்டு வந்தால் இன்ஜின் ஆற வேண்டும். ஆறும்வரை எங்கள் ஹாலில் உட்காருவான். என் சம்சாரம் அம்சவேணி காபி போட்டுக் கொடுப்பாள். எந்த டம்ளரில் கொடுப்பது என்று முதல் தடவை என்னைப் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள். "அந்தப் புள்ளைக்கு இன்னா பொறுமை பாருங்க" என்று என்னிடமே சொன்னாள். நான் வைத்த கோளாறு அவனுக்கு என் வீட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவன் உட்காருகிற நேரத்தையாவது குறைக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பானட்டைத் தூக்கினேன்.

"ஆறட்டும் அங்கிள். சூட்டோட தொறந்தா கொதிதண்ணி மூஞ்சிலே அடிக்கும்" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

நான் மூடிமேல் துணியைப் போட்டுத் திருகித் திறந்தேன். புஸ்ஸென்று கொஞ்சம் ஆவி வந்தது. செத்த மூடிக்குள் அழுத்தம் எங்கே நிற்கும்? "இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. பயப்படாத" என்று சொல்லி, அவனையும் ஒரு தடவை திறக்க வைத்தேன். அன்றைக்கு என் மனதில் வேறு எதுவும் இல்லை. அவன் சீக்கிரம் எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகும் வழியில் கோலாரில் ஒரு டீக்கடையில் நிறுத்துவார்கள். சூட்டோடு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார்கள். டீ குடிப்பார்கள். ஷில்பா சாயந்திரம் அதை அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். அந்தக் கார் நன்றாக ஓடியிருந்தால் நேராகக் கம்பெனிக்குப் போயிருக்கும்.

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது ஷில்பா சொன்னாள். "அப்பா, நானும் எல்வினும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீங்க வந்து நிக்கணும்." கெஞ்சவில்லை, அழவில்லை. கம்பெனி மீட்டிங்கில் பேசுகிற மாதிரி பேசினாள். அம்சவேணிதான் அழுதாள். நான் சாதத்தில் மோர் ஊற்றிக்கொண்டு, "ஆவட்டும், பாக்கலாம்" என்றேன். ஷில்பா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். அம்சவேணி அன்றைக்கு என்னைப் பார்த்த மாதிரி கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. நான் கத்தியிருந்தால் அவர்களுக்கு என்னைப் புரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் காரை ரிப்பேர் செய்தேன்.

ஆமாம் சார், ரிப்பேர்தான். செத்த மூடியைக் கழற்றிவிட்டு, டிராயரில் இருந்த அந்தக் காரின் சொந்த மூடியைத் திரும்பப் போட்டேன். நல்ல மூடி, அழுத்தமான ஸ்பிரிங். ரேடியேட்டரில் கூலண்ட் நிரப்பினேன். அந்த வண்டிக்கு இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் குறையாது. எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டாலும் நான் செய்ததில் குற்றம் சொல்ல முடியாது. வண்டியில் இருக்க வேண்டிய சாமானை இருக்க வேண்டிய இடத்தில் போட்டேன். போட்டேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

எல்வின் அதைச் சூட்டோடு திறப்பான் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஷில்பா கிளம்பும்போது கையசைத்தாள், நானும் கையசைத்தேன். பிறகு கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் வந்து பிரேக் ஷூ கேட்டார். எழுந்திருக்க மனம் வராமல், இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அலமாரியில் இருந்தது. போன் அடித்தது. ஷில்பாவின் பெயர். நான் எடுத்து, பதறுகிற குரலில், "எல்வினுக்கு இன்னா ஆச்சிம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பொம்பளை எங்கேயோ கத்திக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் எல்வின் பேசறேன்" என்று குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் ஆவல."

கத்திக்கொண்டிருந்தது என் மகள்.

அவன் டீ வாங்கப் போயிருக்கிறான். அதற்குள் இவள் பானட்டைத் தூக்கித் துணியைப் போட்டு மூடியைத் திருகியிருக்கிறாள். என்றைக்கும் இல்லாமல் இறுக்கமாக இருந்ததாம். இரண்டு கையாலும் அழுத்திக் குனிந்து திருகினாளாம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் மகள்தான், ஆனால் ஒரு ஸ்பேனரை அவள் கையில் நான் கொடுத்ததில்லை. பானட்டைத் தொட விட்டதில்லை. இதெல்லாம் அவன் சொல்லிக் கொடுத்த பழக்கம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் எல்வின் வராந்தாவில் நின்றிருந்தான். அவன் முன்கைகள் இரண்டிலும் கட்டு. அவளை இழுக்கும்போது கொதிதண்ணீர் பட்டது. சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்து என் முன்னால் நீட்டினான்.

"ஓரத்துல கீறல் கீது பாருங்க அங்கிள். இது வண்டி வாங்கனப்போ இருந்த மூடி. இத்தினி மாசம் இருந்தது வேற" என்றான். மூடியை இன்னும் கிட்டே நீட்டினான். "போன்ல நீங்க முதல்ல என் பேரைத்தான் கேட்டீங்க."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"வலது கண்ணு இனிமே வராதுன்றாங்க. இதுல அப்பாவும் இல்லன்னு ஆவ வேணாம். அவளுக்குத் தெரிய வேணாம் அங்கிள். நான்தான் கவனிக்காம விட்டேன்னு போலீஸ்ல சொல்லிக்கிறேன்" என்றான். சொல்லிவிட்டு மூடியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு உள்ளே போனான். அப்போதும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டான்.

சொன்ன மாதிரியே உங்களிடம் சொல்லியிருக்கிறான். இப்போது கடைவீதி முழுக்க அவனைத்தான் ஏசுகிறது. வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையனை நம்பி விட்டீர்களே என்கிறார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சோறு இறங்கவில்லை, சார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷில்பா, "அப்பாவா?" என்று கையை நீட்டுகிறாள். அந்தக் கையைப் பிடிக்கும்போதெல்லாம் அவன் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் விட்டுக்கொடுத்ததால் அப்பா. அவன் வாயைத் திறந்தால் இல்லை. என் மகளுக்கு நான் அப்பனாக இருக்கலாமா கூடாதா என்று ஸ்கெலட்டன் பையன் தீர்மானிப்பதா? எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கையேந்தியதில்லை.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். எல்வின் கண்ணைக் குறிவைத்து, தெரிந்தேதான் அந்த மூடியைப் போட்டேன். என் பெயர் சிவராஜ். யாரும் என்னை மிரட்டவில்லை, குடித்திருக்கவும் இல்லை. நேர்மையாகப் பிழைத்தவன், உண்மையை மறைத்துப் பழக்கமில்லாததால் சொல்கிறேன். எழுதி முடித்ததும் ஒரு நகல் ஷில்பாவுக்குப் போக வேண்டும். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருப்பதால் அவளால் இப்போது படிக்க முடியாது. எல்வினையே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள்.