பூசைக்கென்று சொன்ன வைன்

“பூசைக்கு வைன் எண்டு ஆமிக்காரனிட்ட ஏன் அண்ணன் பொய் சொன்னீங்க?”

போர்க்காலம். ஏறாவூருக்கு அருகே எங்கள் எல்லோரையும் இறக்கிச் சோதித்துவிட்டு, அப்போதுதான் மறுபடி பஸ்ஸில் ஏற்றியிருந்தார்கள். என் முன் இருக்கையில், இத்தாலியிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவரும் அவருடைய தங்கையும் இருந்தார்கள். அவர் மடியில் ஒரு போத்தல்.

“இல்லாட்டி பறிச்சிருப்பான் தங்கச்சி. வெள்ளை வைன்தான், ஆனா தேன் மாதிரிக் கனதி. அங்க வெயில் காலத்தில மத்தியானம் மீனோட இத நல்லாக் குளிர வச்சுக் குடிப்பாங்க. உங்களுக்கும் ஒருக்கா ருசி காட்டத்தான் கொண்டுவந்தன்.”

“அவனும் வேதக்காரன் போல. சிலுவை போட்டுட்டு ரெண்டு கையாலயும் திருப்பித் தந்தான். நம்மட பேக்கைத் திறக்கவும் இல்ல. நமக்குப் பின்னால நிண்ட மனிசிட அரிசிய றோட்டில கொட்டினான்.”

அந்தப் பெண் அவர்களுக்குப் பக்கத்து இருக்கையில், மண் கலந்த அரிசியைச் சேலைத் தலைப்பில் வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இத்தாலிக்காரர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “தன்னாமுனையில இறங்கி வேதக் கோயில்ல இதக் குடுத்திடுவம்,” என்றார்.

“பங்குச் சுவாமியிட்ட என்ன சொல்லிக் குடுப்பீங்க?”

“பூசைக்கெண்டு கொண்டுவந்தது எண்டு.”

“அவருக்கும் பொய்யா அண்ணன்?”

அவர் போத்தலைத் துவாயால் மூடிக்கொண்டார்.

தன்னாமுனை வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். இருவரும் எழும்பவில்லை.