செம்மஞ்சள் நாடா

கூட்டமாகச் சைக்கிள் ஓடும்போது கடைசியாக வருபவனுக்கு அவசரம் இல்லை. அதனால்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

பவளராணி, நீங்கள் குணரத்தினத்தின் புதிய வழக்கறிஞர். என்னிடம் கேட்க வந்தது வில்லாவுட் தடுப்பு முகாமில் நடந்த நேர்காணலைப் பற்றி மட்டும். மொழிபெயர்ப்பாளனாக அங்கே இருந்தவன் நான். ஆனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. கேதீஸ்வரனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சிட்னி நார்த்மீட்டில் ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓடும் பதினொரு பேர் நாங்கள். 2012 ஓகஸ்டில் ஆபிரிக்கா போய், லுசாக்காவில் தொடங்கிப் பொட்ஸ்வானாவுக்குள் ஓடினோம். உமாசுதன் முன்னால் போவான். பெருவீதியை விட்டு இரவு தங்கும் முகாமுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மரத்தில் செம்மஞ்சள் நாடா கட்டுவான். கடைசி ஆள் அதை அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். நாடா வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று. வேறு கணக்கெடுப்பு இல்லை. என் கையில் அதைக் கண்டதும் சோறு போடத் தொடங்குவார்கள்.

கேதீஸ்வரன் என் இருபது வருட நண்பன். எதைக் கண்டாலும் இறங்கிப் படம் எடுப்பான். நான் அவனுக்குப் பின்னால் காலூன்றி நிற்பேன்.

"எனக்குப் பின்னாலை நீ இருக்கிற வரைக்கும் பயமில்லை மச்சான். சிங்கத்துக்கு நீதான் முதல் பந்தி" என்பான்.

ஆறாம் நாள் விக்டோரியா நீர்வீழ்ச்சிக்குப் போனோம். சாரலில் எல்லாரும் நனைந்துகொண்டிருந்தார்கள். அவன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனான்.

"பாலா, குணரத்தினம் அண்ணை தன்ரை நேர்காணல் ஒலிப்பதிவைத் தந்தவர். கேட்டனான்."

"எந்த ஒலிப்பதிவு?"

"நடிக்காதை. தம்பியைத் தன்ரை கண்ணுக்கு முன்னாலை ஏத்திக்கொண்டு போனவை எண்டு அந்த மனுசன் சொல்லுது. ஆர் ஏத்தினது, எந்த ஆமி முகாம், எல்லாம் சொல்லுது. நீ இங்கிலிசிலை 'குடும்பத்திலை பிரச்சினை' எண்டுறாய்."

நான் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பினேன்.

"இன்னும் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. சிட்னிக்குப் போனதும் நீயே லோயரிட்டைச் சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

ஓம் என்றேன்.

குணரத்தினத்தின் நேர்காணல் அந்த நாளில் எனக்கு நான்காவது; களைத்திருந்தேன். குணரத்தினம் நீளமாகப் பேசுபவர். சொன்னதையே திரும்பச் சொல்வார், நடுவில் அழுவார். நான் சாரத்தைச் சொன்னேன். அந்த மனிதரில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவருடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டது. கேதீஸ்வரன் சொன்னால் அந்த நேர்காணல் திரும்பக் கிளறப்படும். என் வேலை போகும். கோயிலில், கடையில், எல்லா இடத்திலும் என்னைப் பார்ப்பார்கள்.

நான்கு நாட்களுக்குப் பிறகு காட்டு வழியாகப் போகும் பெருவீதி. பின்னேரம். யானைகள் வீதியைக் கடந்தன. கேதீஸ்வரன் இறங்கினான்.

"நீ போ மச்சான், பின்னாலை வாறன். நாடாவைப் பாத்துத் திரும்பிறன்."

அவனேதான் போகச் சொன்னான்.

நாடா கட்டிய மரத்தடிக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றேன். முகாம் உள்ளே மூன்று கிலோமீற்றர். வீதியிலிருந்து தெரியாது. நேரே போனால் எழுபது கிலோமீற்றருக்கு ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையில் உமாசுதன் வரைபடத்தை விரித்துக் காட்டியிருந்தான். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தேன்.

"கேதீஸ் எங்கை?" என்றான் உமாசுதன்.

"வயித்துக்குத்து. தண்ணி லொறியை மறிச்சு ஏறிப் போட்டான்." எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்த லொறி ஒவ்வொரு நாளும் அடுத்த ஊருக்கு முன்கூட்டியே போய்விடும்.

"கமராவுக்கும் வயித்துக்குத்தோ?"

எல்லாரும் சிரித்தார்கள். சோறு போட்டார்கள்.

மறுநாள் லொறியில் அவன் இல்லை. அதற்கு அடுத்த நாள் கண்டுபிடித்தார்கள். திருப்பத்துக்கு அப்பால் பதினான்கு கிலோமீற்றர். யானை மிதித்திருந்தது. சைக்கிள் எங்கள் முகாம் பக்கம் பார்த்தபடி கிடந்தது. பிழையான வழி என்று விளங்கித் திரும்பியிருக்கிறான். லொறியை மறிக்கப்போவதாக அவன்தான் சொன்னான் என்றேன். பொலிஸ் விபத்து என்று எழுதியது. யானையை நான் அனுப்பவில்லை.

நீங்கள் முதல் ஒலிப்பதிவை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்த மார்ச்சில் குணரத்தினத்துக்கு மறுவிசாரணை நடந்தது. அதற்கும் என்னையே அனுப்பினார்கள். என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

"நீங்களே வந்திட்டியள் தம்பி. இனி எனக்குப் பயமில்லை."

மூன்று மணிநேரம் பேசினார். தம்பியைப் பற்றித்தான். அன்றும் எனக்குக் களைப்பாக இருந்தது. சாரத்தைச் சொன்னேன்.