வாயில்லா ஜீவன்

அந்தப் புறாவுக்கு இன்று யார் தண்ணீர் வைப்பார்கள் என்பதுதான் ஐயா என் கவலை. மற்றதையெல்லாம் நீங்கள் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இளகிய மனசு. மாடியிலுள்ள நான்கு வீட்டுக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். கையில் எறும்பு ஊர்ந்தால்கூட ஊதித்தான் விடுவேன். சிறகொடிந்து பால்கனியில் விழுந்த புறாவை அட்டைப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றியது நான்தான். "வாயில்லா ஜீவன், நாமதான் பாத்துக்கணும்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

பதினோரு வருஷம் அந்த வீட்டில் மாடாக உழைத்தேன். மாமியாருக்கு நான் "இந்தாம்மா" மட்டும்தான். பிறகு கொழுந்தன் பெண்டாட்டி வந்தாள். ஆறே மாதம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமியார் பேசியது சமையலறை வரை கேட்டது.

"சின்னவ பாவம், வாயில்லாப் பூச்சி. மூத்தவ மாதிரி இல்ல."

மறைப்பானேன், வயிறு எரிந்தது. வாயில்லாததுகளுக்கு இரக்கப்படுவது அந்த வீட்டில் என் வேலை. அதிலும் இவளுக்கா வாயில்லை? நாளெல்லாம் "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே வருவாள்.

அவளுக்கு இழுப்பு உண்டு. இறகுத் தூசி ஆகாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அக்கா, புறாவ வெளிய வெச்சுக்கலாமா?" என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வெளிய பூனை இருக்கே. உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?" என்றேன்.

முகம் சிறுத்துப்போய், பெட்டிக்குள் அவளே துணி மடித்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மாமியார் மகன்களோடு கண் டாக்டரிடம் போயிருந்தார். நான் பெட்டியை அவள் அறைக்கு மாற்றினேன். புறாவுக்குக் காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்தினேன். ஜன்னல் விளிம்பில் அவளுடைய இன்ஹேலர் இருந்தது. அதை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு அங்கே தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தேன். கிண்ணத்துக்கு இடம் வேண்டாமா?

துணி காயப்போட்டுவிட்டு வந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னல் விளிம்பைத் தடவினாள். நான் புறாவின் அலகில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் அதற்குப் புரையேறும். "அக்கா" என்றாள். அடுத்த முறை உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. மாமியார் சொன்னது அப்போதுதான் உண்மையாயிற்று.

அலமாரிச் சாவி என் கையில்தான் இருந்தது, ஐயா. கொடுக்கவில்லை. அவள் அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் பெட்டியைத் துணியால் மூடிவிட்டேன். அதையெல்லாம் பார்த்தால் புறா பயந்துவிடும், பாவம்.