நசியாத தேசிக்காய்

மடக்குக் கூடார வண்டியை மட்டமாக நிறுத்துவது கடினமான வேலை அல்ல. அவசரப்படுகிறவர்கள்தான் பிழை விடுகிறார்கள். வண்டியின் நான்கு மூலையிலும் சுழற்றி இறக்கும் கால்கள் இருக்கும். பலர் அந்தக் கால்களாலேயே வண்டியை உயர்த்தப் பார்ப்பார்கள். அவை வண்டி ஆடாமல் இருப்பதற்கு மட்டுமே. முதலில் தாழ்ந்த பக்கத்துச் சில்லின் கீழே பலகை வைக்க வேண்டும். பிறகு வண்டி உருளாதபடி இரண்டு சில்லுகளுக்கும் கட்டை கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் காரிலிருந்து கழற்றலாம். கடைசியாக முன்னாலுள்ள சின்னச் சில்லை உயர்த்தியோ தாழ்த்தியோ முன்பின் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

நான் ஜேர்மனியில், ஹம் நகரில் வீடுகளுக்குத் தரை மாபிள் பதிக்கிறவன். நீர்மட்டத்தின் குமிழ் நடுவில் நிற்காவிட்டால் அந்த இடத்தை விட்டுப் போக என்னால் முடியாது.

வண்டி சாருஜனுடையது. அவன் என் மனைவி ஜெயமலரின் தம்பி. யாரோ பாவித்துக் கழித்ததை வாங்கியிருந்தான். கூரையை உயர்த்தி, இரு பக்கக் கட்டில்களையும் வெளியே இழுத்தால் துணிச்சுவர் போட்ட ஓர் அறையாகிவிடும். கைப்பிரேக் இல்லாத சின்ன ரகம். அதனால் கட்டைதான் அதற்கு எல்லாம்.

சாருஜன் லொறி ஓட்டினான். அவனுடைய மனைவி சஜிதா, பிள்ளை பிறந்த குளிர்காலத்திலேயே இறந்துபோனாள். அந்தப் பிள்ளை, ஆதிரை, எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரக்கம் வேண்டி இதைச் சொல்லவில்லை. அவளுக்குச் சைக்கிள் பழக்கியது நான். பல் விழுந்தால் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவாள். சாருஜன் வார இறுதிகளில் வருவான், தூக்கிச் சுற்றுவான், போவான். நல்ல தகப்பன். அதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் அவனுக்கு ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ரேகன்ஸ்பூர்க்கில் பகல் வேலை கிடைத்தது. ஆதிரையை அங்கே பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னான்.

"அத்தான், இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை," என்றான்.

"எங்களுக்கு என்ன கரைச்சல்?" என்று ஜெயமலர் கேட்டாள்.

"இல்லை அக்கா, நன்றியாத்தான் சொல்லுறன்."

நன்றியாகத்தான் சொன்னான். கரைச்சல் என்ற சொல்லை நான் கவனித்துக்கொண்டேன்.

விடுமுறைக்குக் கூடார வண்டியில் சுற்றிவிட்டு, அப்படியே ரேகன்ஸ்பூர்க் போவது அவர்களுடைய திட்டம். முதல் தரிப்பு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். நாங்களும் கூடப் போனோம். வழியனுப்பத்தான்.

வண்டிக்குக் கோயிலில் பூசை செய்விக்க வேண்டும் என்பது ஜெயமலரின் விருப்பம். தேர்க்கூட்டத்தில் வண்டியைக் கோயிலடிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அர்ச்சனை செய்த இரண்டு தேசிக்காய்களை மட்டும் வாங்கி வந்தாள். முதன்முதல் ஓடும்போது சில்லு அவற்றை நசித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணூறு கழியும். நாங்கள் எல்லோரும் காருக்குச் செய்ததுதான்.

கால்வாய்க்கு அருகே ஒரு கமக்காரரின் புல்வெளியில் சாருஜன் இடம் எடுத்திருந்தான். நிலம் பின்பக்கமாக, பொப்லர் மர வரிசையை நோக்கிச் சற்றுச் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. எனக்குத் தெரிந்தது.

பலகை வைத்தோம். கட்டை கொடுத்தோம். காரைக் கழற்றி அப்பால் விட்டான். நான் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தேன்.

"அத்தானைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தக் குழாய் தேவையில்லை. கண்ணே காணும்," என்றான் சாருஜன். "என்ன, குறட்டைதான் பிரச்சினை."

ஆதிரை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்போது ஜெயமலர் தேசிக்காய்களை நீட்டினாள்.

"அக்கா, ஓட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டின பிறகோ? விடியக் காரிலை கொழுவேக்கை வைப்பம்."

"நீ மறந்துபோவாய்."

"மறக்கமாட்டன். இந்த மஞ்சள் கட்டை ரெண்டையும் பார், அதே நிறம். அம்மன் இதையே ஏற்றுக்கொள்ளுவா."

"வாயைப் பார். பகிடி விடுற இடமோ இது?"

அவள் தேசிக்காய்களை என் கையில் தந்துவிட்டுச் சோறு வாங்கக் கோயில் பக்கம் போனாள்.

மூலைக்கால்களை வழக்கமாக முன்னிருந்து இறக்குவார்கள். பின்னிருந்து தொடங்கு என்று நான் சாருஜனிடம் சொன்னேன். தாழ்ந்த பக்கம் அது என்பதால் அவனுக்கு நியாயமாகப் பட்டது. வண்டிக்குப் பின்னே போய், சுழற்றும் கம்பியோடு குந்தினான். முதுகுக்குப் பின்னால் மரங்கள்.

நான் ஆதிரையிடம் ஒரு தேசிக்காயைக் கொடுத்தேன். வலப்பக்கத்துக் கட்டை எனக்கு. இடப்பக்கம் அவளுக்கு. என்னுடையதை முதலில் எடுத்துப் புல்லில் போட்டுவிட்டு அவளிடம் போனேன்.

"மாமா, இதை எடுக்கட்டோ?"

"ஓம் அம்மா. எடுத்துப்போட்டுத் தேசிக்காயை வை."

"அப்பாவைக் கேக்க வேண்டாமோ?"

"அப்பா வேலையாய் இருக்கிறார்."

கட்டையில் ஒரு கயிறு இருந்தது. இழுத்தாள். பாரம் முழுவதும் அதில் இருந்ததால் அசையவில்லை. நான் ஒரு கையால் வண்டியைச் சற்று முன்னே தள்ளினேன். கட்டை இளகி வந்தது. என் மற்றக் கை ஏற்கெனவே அவள் தோளில் இருந்தது. அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

வண்டி மெதுவாகத்தான் போனது. அவன் எழும்பப் பார்த்தான். "அத்தான்" என்றான். உதவிக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது, கோபம் இருக்கவில்லை. பிறகு மரம்.

பொலிசார் பண்பாக நடந்துகொண்டார்கள். எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்த ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். தேசிக்காய், சில்லு, கண்ணூறு எல்லாவற்றையும் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கையில் கட்டைக் கயிற்றோடு நின்ற பிள்ளையிடம் அவர்கள் அதிகம் கேட்கவில்லை. "நான்தான் எடுத்தனான்," என்று அவளாகவே சொன்னாள். வலப்பக்கத்துக் கட்டை வண்டி உருண்டபோது தெறித்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். "நீங்கள் இழுத்திராவிட்டால் பிள்ளையும் போயிருக்கும்," என்று ஓர் அதிகாரி என் கையைப் பிடித்தார். வண்டியைத் தள்ளிய கையைத்தான் பிடித்தார்.

ஆதிரையின் தேசிக்காய் நசியவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் விரல்களை விரித்துத்தான் அதை எடுத்தார்கள். மற்றது என் சட்டைப்பையில் இருந்தது. சில்லின் கீழே வைப்பதுதான் என் எண்ணம் என்றால், கட்டையை எடுத்ததும் வைத்திருப்பேன். நான் வைக்கவில்லை. இதை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேனா என்றால், ஓம். கால் முறிந்தால் போதும், பயணம் நிற்கும் என்று முதலில் எனக்கே சொல்லிப் பார்த்தேன். மட்டம் பார்க்கிறவன் எடையையும் அறிவான். எழுநூறு கிலோவுக்குப் பின்னால் குந்தியிருக்கிறவனுக்குக் காலில் மட்டும் படாது.

ஆதிரை இப்போது எங்களுடன் இருக்கிறாள். அதே அறை, அதே பள்ளிக்கூடம். நன்றாகச் சாப்பிடுகிறாள். ஒன்று மட்டும். எதற்கும் கீழே எதையாவது சொருகுகிறாள். சைக்கிளுக்கு, கதவுக்கு, ஜெயமலர் கடைக்கு இழுத்துப் போகும் சாமான் வண்டிக்கு, தன் கட்டிலின் கால்களுக்கு. கடதாசியை மடித்து மடித்து வைப்பாள். கூட்டும்போது ஜெயமலர் எடுத்தால், "மாமி, எடுக்காதேங்கோ," என்று மெல்லச் சொல்லுவாள். கடதாசி நசிந்துபோகும் என்பதால் நான் பீச் மரத்தில் சின்னக் கட்டைகள் செய்து கொடுத்தேன். விளிம்பெல்லாம் தேய்த்து, கையில் சிராய் ஏறாமல். அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளிடம் உண்மையைச் சொல்லலாமே என்பீர்கள். யோசித்தேன். தகப்பன் போய்விட்டான். நானும் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு பிள்ளையிடம் அப்படி நடந்துகொள்ள எனக்கு மனம் வராது.

படுக்கப் போகுமுன் அவள் கேட்பாள். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. நான் கட்டிலில் அமர்ந்து, தலையைத் தடவி, "உன்னிலை ஒரு பிழையும் இல்லை அம்மா," என்று சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.