வெள்ளிக்கிழமைப் படத்துக்கு குலாஸ் எழுதின விமர்சனம்

— இரு அண்ணே, இன்னும் முடியல, கேளு. “கடலுக்குப் போன கணவன், மாடிக்கு வாடகைக்கு வந்த வாலிபன், நடுவில் ஒரு மழை. போன வெள்ளிக்கிழமை வந்த படத்திலும் இதே மழைதான் பெய்தது.”

— கஞ்சி ஆறுது லீசல். போனைக் கீழ வை.

— உனக்குச் சிரிப்பு வரலையா? எனக்கு வந்துச்சு. உங்க ஆபீஸ் ஆளு நல்லாத்தான் எழுதுறாரு.

— எங்க ஆபீஸா... நான் கூடைப்பந்து எழுதுறவன். சினிமாப் பக்கம் யாரு என்னன்னு எனக்கென்ன தெரியும்?

— குலாஸ்னு போட்டிருக்கு. புனைபேரு.

— வாராவாரம் அந்த மாதிரிப் படத்துக்கு எழுதுறவன் சொந்தப் பேரையா போடுவான்?

— அந்த மாதிரிப் படம்.

— நான் அப்படிச் சொல்...

— சொன்ன. பரவால்ல. கலமன்சி எலுமிச்சை பிழிஞ்சுக்க, இந்தா. இப்பத்தான் என் பேரு வருது. “கதாநாயகி லீசலுக்கு உடம்பு இருக்கிறது, நடிப்பு இல்லை. இந்தப் பெண்ணுக்கு அழக்கூடத் தெரியவில்லை.”

— எவனோ எழுதுறான். விட்டுத் தள்ளு.

— நான் விட்டுருவேன். ரொசாரியோ மேடம் விடலியே. அவங்க எடுக்கப்போற புதுப்படத்துல ஒரு அம்மா வேஷம் அண்ணே. பிள்ளையைத் தொலைச்சுட்டு ஆசுபத்திரி வாசல்ல உக்காந்திருக்கவ. படம் பூரா ஒரே கவுன், கழுத்து வரைக்கும் பொத்தான். எனக்குத்தான்னு வாக்கு குடுத்திருந்தாங்க. நேத்து போன் பண்ணி, “அழத் தெரியாதுன்னு போட்டிருக்காங்களேம்மா, தயாரிப்பாளர் யோசிக்கிறாரு”ங்கறாங்க.

— அதுக்கு... நான் என்ன செய்ய?

— அந்த குலாஸ்கிட்டப் பேசு. அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்லு. நாளைக்குக் காலையில முடிவு சொல்லிருவாங்க.

— அவன் எடுக்க மாட்டான்.

— அவரைத் தெரியாதுன்ன?

— பொதுவாச் சொல்றேன். எழுதுனதை எவன் மாத்துவான்... அவன் உன் நல்லதுக்குக்கூட எழுதியிருக்கலாம்.

— என் நல்லதுக்கு.

— ஆமா. பாராட்டுனா அடுத்த படத்துலயும் அதே கட்டில்லதான் படுக்க வைப்பானுங்க. திட்டுனா, சீ, போதும்னு விட்டுட்டு நீ வீட்டுக்கு...

— வீட்டுக்கு வந்து? வெள்ளத்துல போன கட்டிலுக்குப் பதிலா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேனே, நீ இப்பப் படுக்குறது, அதுவும் அந்தக் கட்டில் சம்பாரிச்சதுதான். சாப்பிடு. முட்டை வேணுமா? சரி, நீ படம் பாத்தியா?

— நானா? தங்கச்சி நடிச்ச அந்த... அந்தப் படத்தை எந்த அண்ணன் பாப்பான்? மாதா சத்தியமா பாக்கல.

— மாதாவை எதுக்கு இழுக்குற. குலாஸ் இன்னொண்ணும் எழுதியிருக்காரு. “அவள் குழந்தை என்ன ஆனது என்பதைப் படம் கடைசிவரை சொல்லவேயில்லை. கதாசிரியர் மறந்துவிட்டார் போலும்.”

— மறந்திருப்பான். அவசர அவசரமா எடுத்துத் தள்ளுற படம்.

— மறக்கல. அவ சொல்றா. அந்த வாடகைப் பையன்கிட்ட, பாதியில அவனைத் தள்ளிவிட்டுட்டுச் சொல்றா. பிள்ளையைப் படகுல அனுப்புனது, படகு மட்டும் திரும்பி வந்தது... எல்லாம் சொல்லி அழுவுறா. அதை எப்ப எடுத்தாங்க தெரியுமா? அம்மா செத்து ஒம்பதாம் நாள் ஜெபம் முடிச்சோமே, அதுக்கு மறுநாள். கிளிசரின் எடுத்துட்டு வந்த பொண்ணு அப்படியே திரும்பிப் போயிருச்சு. டைரக்டர் கட் சொல்லவே இல்ல.

— எந்த எடத்துல? வசனம் ஒண்ணுவிடாமக் கேட்டேனே நான்...

— கேட்டியா. மாதா சத்தியமா பாக்கலன்ன.

— லீசல்... இங்க பாரு. இப்பவே எடிட்டருக்குப் போன் பண்றேன். அந்த வரியை எடுத்துடுறேன். காலையிலதான முடிவு?

— போனை வை. முடிவு நேத்தே சொல்லிட்டாங்க. வேற பொண்ணைப் போட்டாச்சு. நீயா வாயைத் தொறந்து சொல்லுவியான்னு பாக்கத்தான் நாளைக்குன்னு சொன்னேன்.

— நான்தான் குலாஸ்னு உனக்கு யாரு சொன்னா? எடிட்டரா?

— யாரும் சொல்லல. இந்த ஊர்ல அத்தனை பேரும் மத்த எல்லாத்தையும் ஓட்டிவிட்டுட்டு அந்தக் கட்டில் காட்சியை மட்டும் பாப்பாங்க. அவ அழுவுறது அதுலதான். அதை மட்டும் ஓட்டிவிட்டுட்டு மிச்சப் படத்தைப் பாத்திருக்கிற ஒரே ஆளு என் அண்ணனாத்தான் இருக்கணும்.