ஏழாம் கட்டைக் காற்றாலையில் தேவன் போட்ட பூட்டு

பெயர் வீரம்மா, தகப்பனார் பெயர் அப்பாவு. வயது 52. இருப்பது சிலிம் ரிவர் டவுன். டவுனிலிருந்து ஏழாவது மைல், அதாவது ஏழாம் கட்டையில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த மேட்டில் மூன்று காற்றாலைகள் உண்டு. அங்கே புல் வெட்டிக் கூட்டிப் பெருக்குகிறேன். மூன்றாம் வகுப்போடு சரி. எல்லாரையும் கேலி செய்வது என் பழக்கம்.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு மெக்கானிக் தேவன் இரண்டாம் கோபுர உச்சிக்குப் பழுது பார்க்க ஏறினார். காற்று இறக்கையைச் சுற்றும், இறக்கை உள்ளே இருக்கும் தண்டைச் சுற்றும், தண்டு டைனமோவைச் சுற்றினால்தான் கரண்ட் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் ஆள் ஏறுமுன் கீழே பிரேக் போட்டு, அந்த சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். போட்டவர்தான் கழற்ற வேண்டும். தேவன் போட்டார். நான் பார்த்தேன்.

அதன்பிறகு, வெயிலுக்கு அவர் தன் மோட்டார் சைக்கிள் மேல் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டில் சாவி இருந்தது. காலையில் என் தொப்பியை மரத்தில் மாட்டிவிட்டார், பதிலுக்கு இறங்கி வந்து தேடட்டும் என்று பூட்டைக் கழற்றி என் சோற்றுப் பாத்திரத்துக்குள் வைத்தேன். பிரேக்கை நான் தொடவில்லை. அப்போது ஒரு இலைகூட அசையவில்லை.

அதன்பிறகு மழை இருட்டிக்கொண்டு காற்று எழும்பியது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் சதாசிவம் வந்தார், பூட்டைக் காணாததால் தேவன் இறங்கிவிட்டார் என்று நினைத்து பிரேக்கை எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய், "தேவன் மேல இருக்காரு, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"போன வாரம் பாம்புன்னு சொல்லி என்னை ஓட வுட்டீங்க. இன்னைக்கு ஏமாற மாட்டேன் லா, அக்கா," என்று சிரித்தார்.

பயந்தாலும் என் முகம் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். பாத்திர மூடி மூன்று தடவை வழுக்கியது. தலைக்கு மேல் இறக்கை சுற்றுகிற சத்தம் கூடிக்கொண்டே போனது. பூட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். பெயரைப் பார்த்தார். அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார்.

அதன்பிறகு தேவனைக் கயிறு கட்டி இறக்கினார்கள். வலது கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். எத்தனை விரல் போனது என்று நான் கேட்கவில்லை.

அதன்பிறகு சதாசிவம் பூட்டை என் கையில் திணித்து, "வாயைத் திறக்காதீங்க, அக்கா. ரெண்டு பேருக்கும் ஆபத்து," என்றார். இன்று காலை, தேவன் பூட்டுப் போடாமல் ஏறினார் என்று ஆபீசில் எழுதிவிட்டார்கள். அவர் வேலை போய்விடுமாம்.

நான்தான் கழற்றினேன். இதில் விளையாட்டு இல்லை. இங்கே போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஐயா இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் இதையேதான் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், எல்லாம் நான் சொன்னபடி உண்மை. பூட்டையும் சாவியையும் மேசை மேல் வைத்துவிட்டேன்.

வீரம்மா
(கையெழுத்து)